அத்தை பார்த்து விட்ட பழம்

"மேடம், கறுப்புப் புள்ளி" என்று லேபிலிருந்து போன் வந்தபோது நான் கேன்டீனில் இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவாமல் ஓடினேன். மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தைக்கு நான் ஏன் ஓடினேன் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அழுகல் பழம் ஒன்று நல்ல பழங்களோடு சேர்ந்து அரைபட்டால், மஞ்சள் கூழில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி விழும். வாங்குகிறவர்கள் ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்ப்பார்கள். புள்ளி தெரிந்தால் அந்தக் கூழை அடைத்த டிரம் விற்காமல் அப்படியே நிற்கும். அன்று காலை எங்கள் குடோனில் ஒரு வரிசை டிரம் முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

காரிமங்கலத்தை அடுத்த அந்த ஆலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். லேப் உதவியாளராகச் சேர்ந்து, ஷிப்ட் இன்சார்ஜாக ஓய்வு பெற்றேன். புதிதாக சூப்பர்வைசராகச் சேரும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் வந்து, "ஆளுங்கள எப்படி மேடம் மேய்க்கறது?" என்று கேட்கிறார்கள். மேய்ப்பதற்கு அவர்கள் என்ன ஆடா மாடா என்று முதலில் ஒரு திட்டுத் திட்டுவேன். பிறகு இந்தக் கதையைச் சொல்வேன். இதில் மண்டு வேலை பார்த்தவள் நான்தான் என்பதால் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

சார்ட்

கறுப்புப் புள்ளி வருவதற்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் மேனேஜர் ரகுநாதன் ஓசூரில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். குழுவாக வேலை செய்வது எப்படி என்று இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்களாம். திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சார்ட்டிங் பெல்ட்ல லேடீஸ் எந்த ஆர்டர்ல நிக்கறாங்க மேடம்?"

"ஆர்டரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். அவங்களே வந்து நின்னுக்கறாங்க."

"அதான் தப்பு. டீம்னா ஸ்ட்ரக்சர் வேணும். அனுபவம் இருக்கறவங்க முன்னாடி நிக்கணும். முக்கால்வாசி அழுகல் அங்கேயே போயிடும். புதுசா வந்தவங்க பின்னாடி நின்னு மிச்சத்தப் பாத்துக்கட்டும்."

சார்ட்டிங் பெல்ட் என்பது நல்லது கெட்டது பிரிப்பதற்காகக் கழுவிய பழங்கள் வரிசையாக நகர்ந்து வரும் ரப்பர் பட்டை. அதன் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் பதினான்கு பெண்கள் நிற்பார்கள். பழத்தைக் கையில் எடுத்து உருட்டி, காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். குழி விழுந்தால் காலடியில் இருக்கும் ரிஜக்ட் கூடையில் போடுவார்கள். நன்றாக இருந்தால் பெல்ட்டிலேயே வைத்துவிடுவார்கள். பதினான்காவது ஆளைத் தாண்டிவிட்டால் பழம் நேராக அரைக்கும் மிஷினுக்குள் போய்விடும்.

அந்தப் பதினான்கு பேரும் ஒரே ஊர். ஒரே வேனில் வருவார்கள். சின்ன வயதுக்காரிகள் பெல்ட்டின் தலைமாட்டில் நிற்பார்கள், பெரியவர்கள் கடைசியில் நிற்பார்கள். இதை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் நோகாமல் நிற்பதற்காகக் கடைசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதனால் மேனேஜர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கலர் பேனாவில் சார்ட் போட்டு பெல்ட்டுக்கு மேலே ஒட்டினேன். அனுபவசாலிகள் ஆறு பேர் முதல் ஆறு இடத்தில். ஆறாவது மாதம்மாள். பதினைந்து சீசன் பார்த்தவர், நாக்கு நீளம், கையும் வேகம். ஏழாவது இடத்திலிருந்து சின்னவர்கள்.

மாதம்மாள் சார்ட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏங்க மேடம், நாங்க நின்ன மாரியே நின்னுக்கறமே? என்னாத்துக்கு இது?"

"கம்பெனி ஆர்டர்ங்க மாதம்மா."

"ஆர்டர்னா சரிங்க" என்று போய் நின்றுகொண்டார்.

முதல் வாரம் ஒன்றைக் கவனித்தேன். பின்னால் நிற்கும் எட்டுப் பேரின் கூடைகளும் ஏறக்குறைய காலியாக இருந்தன. முன்பெல்லாம் கடைசிக் கூடையிலும் எப்படியும் கால் கூடை அழுகல் சேரும். மேனேஜர் காலிக் கூடைகளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "பாத்தீங்களா? முன்னாடியே எல்லாம் க்ளீன். ஏதாவது சஜஷன் இருக்கா மேடம்?"

எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. மழை பெய்து காம்பழுகல் அதிகமாக வரும் நேரம். பின்னால் எட்டுப் பேருக்கு ஒன்றுகூடவா அகப்படாது? ஆனால் வாயிலிருந்து வந்தது என்னவோ, "சூப்பர்ங்க சார்."

கேமரா

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அன்று மத்தியானமே மேனேஜர் கேமராப் பதிவைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டுக்கு மேலே ஒரே ஒரு கேமரா. அது ஏழாவது இடத்துக்கு நேர் மேலே இருந்தது அங்கே நின்ற பெண்ணின் கெட்ட நேரம்.

அவள் பெயர் செல்வி. மாதம்மாளின் மருமகள். அரூர்ப் பக்கத்துப் பெண், பிளஸ் டூ படித்தவள். அவள் மகனுக்கு அடிக்கடி இழுப்பு வரும். சீசன் முடியும்போது இரண்டு மூன்று பேரை நிரந்தரமாக எடுப்போம். நிரந்தரம் ஆனால் ஈ.எஸ்.ஐ. கார்டு கிடைக்கும், பையனுக்கு வைத்தியம் பார்க்கலாம். அந்த வருடப் பட்டியலில் முதல் பெயராக நான் எழுதி வைத்திருந்தது செல்வியைத்தான்.

மேனேஜர் திரையை என் பக்கம் திருப்பினார். காம்புப் பக்கம் கறுத்த பழம் ஒன்று வருகிறது. செல்வி அதைப் பார்க்கிறாள். கை நீள்கிறது. பாதியில் நிற்கிறது. கையை இழுத்துக்கொள்கிறாள். பழம் போய்விடுகிறது. அதே ஷிப்டில் இதுபோல இன்னும் இரண்டு முறை.

"தெரியாம விட்டா மன்னிக்கலாம் மேடம். இது பாத்துட்டே விடறது. சனிக்கிழமையோட நிறுத்திடுங்க. ஹெட் ஆபீசுக்கும் காரணம் கண்டுபிடிச்சாச்சுன்னு மெயில் போட்டுட்டேன்."

உடை மாற்றும் அறையில் செல்வியைத் தனியாகப் பிடித்தேன்.

"அந்தப் பழத்தப் பாத்தியா இல்லயா கண்ணு?"

"பாக்கலீங்க மேடம்."

"கேமராவுல உன் கண்ணு அதும்மேலதான இருக்குது?"

"அப்ப பாத்திருப்பனுங்க."

"பாத்துட்டு ஏன் உட்ட?"

தலைத்தொப்பியைக் கழற்றி மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். சனிக்கிழமையோடு வேலை இல்லை என்று சொன்னேன். "சரிங்க" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பையனை நினைத்துத்தான் கண் கலங்கினாள் என்று நினைக்கிறேன்.

நானும் பெல்ட்டில் நின்றேன்

எனக்கு அந்தப் பாதியில் நின்ற கை தூக்கத்தைக் கெடுத்தது. வேண்டுமென்றே விடுகிறவள் கையை நீட்டவே மாட்டாளே. மறுநாள் காலையிலிருந்து பெல்ட்டின் ஓரத்துப் படிக்கட்டில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கணக்கெடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு மணி நேரத்தில் பிடிபட்டது. செல்வி அழுகலை எடுக்காமல் இல்லை. மற்றவர்கள் கைபடாமல் வந்த பழத்தில் அழுகல் இருந்தால் சட்டென்று எடுத்துப் போடுகிறாள். மாதம்மாள் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, நல்லது என்று திரும்ப வைத்த பழத்தை மட்டும் அவள் தொடுவதே இல்லை. மாதம்மாளுக்கு வேகம் அதிகம், அந்த வேகத்தில் அவ்வப்போது ஒன்று தப்பிவிடும். அது செல்வியைத் தாண்டிப் போகும். செல்விக்கு அடுத்து நிற்பவள் மாதம்மாளின் தங்கை மகள், அவளும் தொடமாட்டாள். இப்படியே பதினான்கு வரை.

இது மாமியார் பயமா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மாதம்மாள் டீ குடிக்கப் போனபோது தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அவர் இடத்தில் போய் நின்றேன். நல்ல பழமாக நாலைந்து பார்த்து வைத்தேன். பிறகு பார்த்தாலே தெரியும் ஓர் அழுகலை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி உருட்டி, அழுத்தி, தலையாட்டி, பெல்ட்டிலேயே வைத்தேன்.

செல்வி பார்த்தாள். எடுக்கவில்லை. அடுத்தவள் பார்த்தாள், எடுக்கவில்லை. எட்டுப் பேர் கண்ணும் அந்தப் பழத்தோடு நடந்து போனது, ஒரு கையும் நீளவில்லை. மிஷின் வாயருகே போவதற்குள் நான் ஓடிப்போய் சிவப்பு பட்டனை அடித்து பெல்ட்டை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

பழத்தை எடுத்துக் காட்டினேன். "இது அழுகல்னு உங்களுக்குத் தெரியலயா?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற அலமேலுதான் கொஞ்சம் வாய் உள்ள பெண். "தெரியுதுங்க மேடம். ஆனா நீங்க கையில எடுத்துப் பாத்து உட்ட பழமாச்சுங்களே. அத நாங்க எடுத்துப் போட்டா, மேடத்துக்குக் கண்ணு தெரியலன்னு சொன்ன மாரி ஆவாதுங்களா?"

செல்வி அப்போதுதான் மெதுவாகப் பேசினாள். "கொழம்புல உப்பு கம்மின்னு ஒருநாள் வாயத் தொறந்து சொல்லிட்டங்க மேடம். வூட்ல பத்து நாளு பேச்சு இல்ல. இங்க பதிமூணு பேரு முன்னால அத்தை உட்டத நான் எடுத்துப் போட்டா, சாயங்காலம் அதே வூட்டுக்குத்தானுங்க போவணும்?"

"முன்னாடி எல்லாம் எப்படி நடந்துச்சு?"

"முன்னாடி நான் மொதல்ல நிப்பங்க, அத்தை கடைசில நிப்பாங்க. நான் உட்டத அவங்க எடுத்துப் போடுவாங்க. எடுத்து நாலு பேருக்குக் காட்டிட்டுத்தான் போடுவாங்க." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்களுக்கு ரொம்பப் புடிச்ச வேலைங்க அது."

நோகாமல் நிற்பதற்கான ஏற்பாடு என்று நான் வருடக்கணக்காக நினைத்திருந்தது இதுதான். யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்ட வரிசை இல்லை அது. பெரியவர் சின்னவரின் தப்பைத் தயங்காமல் எடுப்பார், சின்னவர் பெரியவரின் தப்பைத் தொடமாட்டார் என்று அவர்களுக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கிறது. அதற்கேற்ற இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள். நான் கலர் பேனாவை எடுத்துக்கொண்டு போய் அதைத் தலைகீழாக்கியிருந்தேன்.

மேனேஜர் அறை

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சொன்னேன். ரகுநாதன் கெட்டவர் இல்லை, கேட்டுக்கொண்டார். ஆனால் ஏற்கவில்லை.

"மாமியார் மருமகள் கதைய எல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியுமா மேடம்? சிரிப்பாங்க."

"மாமியார உடுங்க சார். நான் உட்ட பழத்தையே ஒருத்தரும் தொடல."

"நீங்க ஸ்ட்ரிக்ட். உங்ககிட்ட பயம்."

"கடைசிக் கூடைங்க எல்லாம் மூணு வாரமா காலியாத்தான் கெடக்குதுங்க. எனக்கு மொத வாரமே சந்தேகம்தான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பவே ஏன் சொல்லல? சஜஷன் இருக்கான்னு உங்ககிட்ட கேட்டனா இல்லயா?"

கேட்டார். சூப்பர் என்று சொன்னவள் நான். பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. "நீங்க முடிவு பண்ணிட்டு வந்து கேட்டீங்க சார். முடிவு பண்ணினதுல போய் நான் என்ன சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் செல்விக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது உறைத்தது. அவளாவது கையைப் பாதி நீட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நாளைக்கு நான் வந்து நிக்கறேன். நீங்களும் என் பக்கத்துல நில்லுங்க."

சனிக்கிழமை

செல்வியின் கடைசி நாள். மேனேஜர் தொப்பி, கையுறை, ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டு பெல்ட்டின் தலைமாட்டில் வந்து நின்றார். பெண்களுக்குள் கிசுகிசுப்பு. அவருக்கு அடுத்து நான். எங்களுக்குப் பின்னால் சார்ட்டில் உள்ளபடியே பதினான்கு பேர்.

கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பழம் பார்த்தார். பிறகு காம்பைச் சுற்றி ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்த ஒன்றை எடுத்தார். நிதானமாகத் திருப்பினார், அழுத்தினார், பெல்ட்டில் வைத்தார்.

பழம் என் முன்னால் வந்தது. இதைக் கண்டுபிடித்ததே நான். முந்தின நாள் அவரிடம் பாடம் நடத்தியதும் நான். எடுத்தால் பரிசோதனை கெட்டுவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். கை வரவில்லை, அவ்வளவுதான். பழம் என்னைத் தாண்டிப் போனது. முதல் ஐந்து பேரும் விட்டார்கள். மாதம்மாள் பழத்தைப் பார்த்தார், பிறகு ஏதோ பல்லியைக் கண்டவர்போல் கூரையைப் பார்த்தார்.

ஏழாவது இடத்தில் ஒரு கை நீண்டது. பாதியில் நிற்கவில்லை.

"சார், இது அழுவல்ங்க" என்று செல்வி சத்தமாகச் சொன்னாள்.

மேனேஜர் அவளிடம் நடந்து போனார். திட்டப் போகிறார் என்று எல்லாருக்கும் பயம். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எல்லாரும் விட்டாங்க. நீ ஏம்மா எடுத்த?"

"நீங்கதான் இன்னியோட என்னைய நிறுத்திட்டீங்களே சார். இனிமே எனக்கு என்னாங்க பயம்?"

அவள் குரலில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பழத்தைக் கையில் எடுத்தாள்.

மேனேஜர் கை உயர்த்திச் சார்ட்டைப் பிய்த்தெடுத்து நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க எப்பவும் நிக்கற மாதிரியே நில்லுங்கம்மா" என்றார். என்னிடம், "அந்த நிறுத்தற லெட்டர் என் டேபிள் மேல இருக்கு, கிழிச்சிடுங்க" என்றார். ஹெட் ஆபீசுக்கு அவரே இன்னொரு மெயில் போட்டார். அதில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

பெண்கள் இடம் மாறினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, யாரும் யாரையும் இடிக்கவில்லை. அரை நிமிடத்தில் பழைய வரிசை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கடைசிக் கூடையில் முதல் அழுகல் விழுந்தது. மாதம்மாள் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போட்டார். "செல்வி! இத யாரு, உங்கப்பன் வந்து எடுப்பாரா?"

செல்வி திரும்பிப் பார்க்காமலே சிரித்தாள். டீ நேரத்தில் மாதம்மாள் என்னிடம் வந்து மனத்தாங்கலாகச் சொன்னார். "நான் உட்டது அழுவல்னா சொல்ல வேண்டியதுதானுங்களே மேடம்? நான் என்ன அவள கடிச்சா திம்பேன்?"

"கடிப்பீங்க மாதம்மா" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

பழைய வரிசையிலும் ஓர் ஓட்டை இருந்ததை இங்கே சொல்ல வேண்டும். கடைசியில் நிற்கும் பெரியவர்கள் விட்டால் அதை எடுக்க யாரும் இல்லை. பெரியவர் விட்டதை எடுக்கச் சின்னவர்களுக்குக் கை பழக வேண்டும் என்று ஒன்று செய்தேன். ஒவ்வொரு ஷிப்டிலும் நான் தலைமாட்டில் ஐந்து நிமிடம் நின்று, வேண்டுமென்றே ஓர் அழுகலை விடுவேன். எப்போது விடுவேன் என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு நாள் யாரும் எடுக்கவில்லை, மிஷின் வாயருகே நானே ஓடிப்போய் எடுத்தேன். மூன்றாம் நாள் அலமேலு எடுத்தாள், நான் எல்லார் முன்னாலும் அவளுக்கு நன்றி சொன்னேன். பிறகு அதற்கு 'மேடம் பழம்' என்று பெயர் வைத்துப் போட்டி போட்டு எடுத்தார்கள். பிறகு சின்னவர்களில் ஒருத்தியை முறை வைத்து மாதம்மாளுக்கு அடுத்து நிறுத்தினேன், சீசன் முடிவதற்குள் அவர் விட்ட பழத்தையும் அவர்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். எப்போதும் இல்லை, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டிரம்கள் ஏற்றுமதிக்குப் போகவில்லை. செல்வி அந்த வருடமே நிரந்தரம் ஆனாள்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எல்லா இடத்திலும் மாமியாரைக் கடைசியில் நிறுத்துங்கள் என்று புரிந்துகொண்டு போய்விடாதீர்கள். உங்கள் இடத்தில் யார் யாருடைய தப்பைத் தொடமாட்டார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கூடை காலியாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் பயப்படுங்கள். உங்களைச் சூப்பர் என்று சொல்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

அன்று பெல்ட்டில் பதினாறு பேர் நின்றோம். அழுகலை எடுத்தது வேலை போன ஒருத்தி மட்டும்தான். இருபத்தாறு வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவளுக்கு இதைவிட வெட்கம் வேறு கிடையாது, எனக்கு இன்றும் அது ஆறவில்லை. வேலை போகாமலே அவள் கை நீளும்படி பார்த்துக்கொள்வதுதான் சூப்பர்வைசர் வேலை. மற்றதையெல்லாம் பெல்ட்டே பார்த்துக்கொள்ளும்.